இரவு ஷிப்ட், 16 மணி நேர விரதம், காரணம் தெரியாத அழுகை: சாப்பாட்டை மாற்றினால் சரியாகுமா?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்திலுள்ள பிறை என்ற ஊரிலிருந்து, பெயர் வெளியிட விரும்பாத ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 37, இரண்டு பிள்ளைகள். பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஒன்பது ஆண்டுகளாகத் தரப் பரிசோதகராக இருக்கிறார். இரவு அலவன்ஸுக்காகக் கடந்த இரண்டு ஆண்டுகளாக இரவு ஷிப்டையே கேட்டு வாங்கியிருக்கிறார். மாலை 7 முதல் காலை 7 வரை, நான்கு இரவு வேலை, நான்கு நாள் ஓய்வு. ஆறு ஆண்டுகளாகச் சைவம், முட்டையும் கிடையாது. உடம்பு கூடிவிட்டது என்று நான்கு மாதங்களுக்கு முன் 16 மணி நேர விரதத்தை ஆரம்பித்தார். நள்ளிரவு 12-லிருந்து காலை 8 வரைதான் சாப்பாடு. அதன்பின் வெறும் தண்ணீரும், வேலைக்குக் கிளம்பும்முன் தோழி ஒருத்தி வாட்ஸ்அப்பில் விற்கும் ஒல்லியாக்கும் காபியும்.

நள்ளிரவில் கேண்டீனில் மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்) அல்லது சோறு, கூடவே தே தாரிக் (இனிப்புப் பால் தேநீர்). 3 மணி வாக்கில் மூன்று-இன்-ஒன் காபி. காலையில் பஸ் இறங்கியதும் மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) மூன்று தோழிகளோடு ரொட்டி சானாய் (பரோட்டா). "அந்த அரை மணி நேரம்தான் டாக்டர், நாளில் நான் சிரிக்கும் நேரம்" என்கிறார். 9 மணிக்குப் படுத்தால் படபடப்பாக வருகிறது, தூக்கம் பிடிப்பதில்லை, 2 மணிக்குப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வர எழுந்துவிட வேண்டும்.

இப்போது வேலையில் தவறுகள். பழுதான போர்டுகளை இரண்டு முறை கவனிக்காமல் பாஸ் பண்ணிவிட்டார். எச்ஆர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டது. சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் "தூங்குமூஞ்சி" என்றாராம். கழிவறையில் போய் அழுதுவிட்டு வருவது வழக்கமாகிவிட்டது. "சாப்பாட்டை ஒழுங்குபண்ணு, எல்லாம் தன்னால சரியாயிடும்" என்கிறார் கணவர். காபி விற்கும் அதே தோழி, மனநிலையைச் சீராக்கும் பவுடர் என்று 280 ரிங்கிட் பேக்கேஜ் ஒன்றையும் எடுத்து நீட்டியிருக்கிறார். வாசகியின் கேள்விகள் நான்கு. எல்லாவற்றுக்கும் சாப்பாடுதான் காரணமா? பவுடரை வாங்கலாமா? மனநலத்துக்கென்று டாக்டரிடம் போனால் கம்பெனிக்குத் தெரிந்துவிடுமா? பேசாமல் வேலையை விட்டுவிடலாமா?

சகோதரி, இந்த நான்கையும் பார்ப்போம். அதற்கு முன் உங்கள் கடிதத்தில் நீங்களே கடந்து போய்விட்ட ஒரு வரியில் நான் நிற்க வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த வரி

"சில நாள் படுக்கும்போது, எழுந்திருக்காமலே போனால் நிம்மதி என்று தோன்றும், ஆனால் அதெல்லாம் சும்மா" என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் மீ கோரெங்குக்குப் போய்விட்டீர்கள். அது சும்மா இல்லை. நீங்கள் ஏதோ செய்துகொள்ளப் போகிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. இப்படித் தோன்றுகிற பெரும்பாலோர் எதுவும் செய்துகொள்வதில்லை. ஆனால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய அறிகுறிகளில் இதுதான் முதலில் வர வேண்டும். அரசாங்க கிளினிக்கில் மனச்சோர்வைப் பார்க்க ஒன்பது கேள்விகள் உள்ள ஒரு தாளைத் தரலாம். ஒன்பதாவது கேள்வி இதைப் பற்றியதுதான். அதற்கு "இல்லை" என்று போட்டுவிட்டு வராதீர்கள்.

எண்ணம் அடிக்கடி வர ஆரம்பித்தால், அல்லது எப்படி என்று மனம் வழி தேட ஆரம்பித்தால், சந்திப்பு நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 999-ஐ அழையுங்கள். யாரிடமாவது பேசினால் போதும் என்றிருந்தால் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555. பெஃப்ரெண்டர்ஸ் என்ற தன்னார்வ அமைப்பின் கோலாலம்பூர் எண் 03-7627 2929, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். தமிழில் பேச ஆள் உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். "போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ" என்ற பயம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டப் பிரிவு 309 மலேசியாவில் 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. எண்ணத்தை வெளியே சொல்வது எந்தக் காலத்திலும் குற்றமாக இருந்ததில்லை.

கணவரிடமும் இந்த ஒரு வரியை மட்டும் படித்துக் காட்டுங்கள். அவர் கெட்டவராகத் தெரியவில்லை. அவருக்கு முழு விஷயமும் தெரியாது, அவ்வளவுதான்.

விரதம் இருக்கும் நேரம்தான் இடிக்கிறது

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். எதையெல்லாம் தின்றுவிட்டேன் என்று பட்டியல் போட்டு உங்களையே திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அந்தப் பட்டியலைவிடக் கடிகாரம்தான் பெரிதாகப் படுகிறது.

உடம்புக்குள் ஒரு நேரக்கணக்கு ஓடுகிறது. வெளிச்சம் அதை நடத்துகிறது. பகலில் சாப்பிட்ட சர்க்கரையை நன்றாகச் சமாளிக்கும் உடம்பு, அதே சோற்றை நள்ளிரவுக்குமேல் போட்டால் தடுமாறுகிறது. இரத்தச் சர்க்கரை அதிகமாக ஏறி, மெதுவாக இறங்குகிறது. இரண்டு ஆண்டு இரவு வேலை பார்த்தாலும் பெரும்பாலோர் உடம்பு முழுதாக மாறிக்கொள்வதில்லை. அதுவும் ஓய்வு நாள் நான்கிலும் பிள்ளைகளோடு பகலில் விழித்து, பகலில் சாப்பிட்டுவிட்டு மறுபடி இரவுக்குத் திரும்பும்போது மாறிக்கொள்ள அதற்கு ஏது அவகாசம்?

நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள் பாருங்கள். உடம்பு சாப்பாட்டை எதிர்பார்க்கும் காலை 8 முதல் நள்ளிரவு வரை வாயைக் கட்டிவிட்டு, அது வேண்டாம் என்று சொல்லும் நள்ளிரவு முதல் காலை 8 வரையில் நாளின் மொத்தச் சாப்பாட்டையும் இறக்குகிறீர்கள். விரதம் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், சிலருக்கு ஒத்துப்போகிறது. உங்கள் விரதம் தலைகீழாக இருக்கிறது.

மனநிலைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? பாஸ்டனில் ஓர் ஆய்வு நடந்தது, 2022-இல் வெளிவந்தது. ஆரோக்கியமான 19 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, இரவு வேலை செய்பவர்களைப் போல நேரத்தைப் புரட்டிப்போட்டார்கள். ஒரு பிரிவு இரவிலும் பகலிலும் சாப்பிட்டது, இன்னொரு பிரிவு பகலில் மட்டும். முதல் பிரிவினரிடம் சோர்வு சார்ந்த மனநிலை ஏறக்குறைய 26 விழுக்காடும் பதற்றம் சார்ந்தது 16 விழுக்காடும் கூடின. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களிடம் மாற்றமே இல்லை. 19 பேர் மிகச் சிறிய எண்ணிக்கை. ஆய்வுக்கூடத்தில் மூத்த மகனின் பள்ளிக் கட்டணம் கிடையாது, சூப்பர்வைசரும் கிடையாது. ஆகவே இதை வைத்துக்கொண்டு "சாப்பாட்டு நேரத்தை மாற்று, துக்கம் போய்விடும்" என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மாற்றிப் பார்க்க உங்களுக்குச் செலவில்லை, ஆபத்தில்லை. அதனால் சொல்கிறேன்.

விரதத்தை நிறுத்துங்கள். வேலைக்குக் கிளம்பும்முன், 5 மணி வாக்கில், உங்கள் முக்கியமான சாப்பாடு. சுகாதார அமைச்சின் 'சுக்கு சுக்கு செப்பாரோ' தட்டு கேள்விப்பட்டிருப்பீர்கள்: கால் பங்கு சோறு, கால் பங்கு புரதம், அரைப் பங்கு காய்கறியும் பழமும். சைவத்தில் புரதப் பங்குதான் எப்போதும் ஏமாற்றும். ஒரு கரண்டி சாம்பார் புரதம் ஆகாது. தெம்பே (புளிக்கவைத்த சோயா), தோஃபு, கெட்டிப் பருப்பு, கடலை என்று தட்டில் கண்ணுக்குத் தெரிகிற அளவு இருக்க வேண்டும். நள்ளிரவு பிரேக்கில் கேண்டீன் மீ கோரெங்குக்குப் பதிலாக வீட்டிலிருந்து சின்ன டப்பா: சுண்டல், ஒரு கொய்யா, அல்லது தயிர். பசியடங்கினால் போதும், வயிறு முட்ட வேண்டாம். 3 மணிக்கு ஏன் கண் சொக்குகிறது என்றால், அந்நேரம் உடம்பின் இயல்பான தாழ்வு நேரம். எண்ணெயில் புரட்டிய ஒரு தட்டு மீயும் சர்க்கரைத் தேநீரும் அதோடு சேர்ந்துகொள்கின்றன. பழுதான போர்டு உங்கள் கண்ணுக்குத் தப்பியது எத்தனை மணிக்கு என்று எச்சரிக்கைக் கடிதத்தில் இருந்தால் பாருங்கள். எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

அந்த 3 மணிக் காபியை 1 மணிக்கு முன்னால் தள்ளுங்கள். காஃபின் பாதியாகக் குறையவே பெரும்பாலோருக்கு ஐந்து மணி நேரம் ஆகும். நீங்கள் படுக்கும்போது பாதிக் காபி உங்களுக்குள் விழித்திருக்கிறது.

காலை மாமாக் கடையை நான் நிறுத்தச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். மாட்டேன். நாளில் சிரிக்கும் ஒரே அரை மணி நேரத்தை எந்த டயட்டுக்காகவும் விட்டுக்கொடுக்க வேண்டாம். போங்கள், உட்காருங்கள். ஒரு தோசையோடு, தேநீருக்குப் பதில் சர்க்கரை குறைத்த எலுமிச்சைச் சாறு சொல்லுங்கள். வெறும் வயிற்றோடு படுப்பதும் தூக்கத்தைக் கெடுக்கும். வாரத்தில் ஒரு நாள் ரொட்டி சானாய் சாப்பிட்டால் குடி முழுகிவிடாது.

அந்த ஒல்லியாக்கும் காபியை இன்றே நிறுத்துங்கள்

பகலில் படபடப்பு, தூக்கமின்மை, வாய் உலர்தல், எரிச்சல் எல்லாம் "நான்கைந்து மாதமாக" என்று எழுதியிருக்கிறீர்கள். விரதமும் ஒல்லியாக்கும் காபியும் ஆரம்பித்தது நான்கு மாதங்களுக்கு முன். உங்கள் பொட்டலத்தை நான் பார்க்கவில்லை, அதில் என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த ரகக் காபிகளில் சிபுட்ராமின் என்ற மருந்து கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு மீண்டும் மீண்டும் கண்டுபிடித்து எச்சரித்து வந்திருக்கிறது. பசியை அடக்கும் மருந்து அது. இருதயத்துக்கு ஆபத்து என்று 2010-இல் பல நாடுகள் சந்தையிலிருந்தே எடுத்துவிட்டன, இங்கும் அனுமதியில்லை. இரத்த அழுத்தத்தை ஏற்றும், இதயத்துடிப்பைக் கூட்டும், தூக்கத்தைக் கெடுக்கும், மனப் பதற்றத்தையும் தரும். உங்கள் அறிகுறிகளோடு ஒப்பிட்டால் எனக்குச் சந்தேகம் வராமல் எப்படி இருக்கும்?

குறிப்பாக இன்னொன்று: மனச்சோர்வுக்கு டாக்டர் மாத்திரை எழுதினால், அவற்றில் சில சிபுட்ராமினோடு சேர்ந்தால் ஆபத்தான விளைவுகள் வரும். அதனால் இந்தக் காபியைப் பற்றி டாக்டரிடம் மறைக்கவே கூடாது. தோழி மேல் எனக்குக் கோபமில்லை. அவரும் யாரோ சொன்னதை நம்பித்தான் விற்கிறார், ஒருவேளை அவரும் குடிக்கிறார். இந்தப் பகுதியை அவருக்கும் அனுப்புங்கள்.

இரத்தம் சொல்லட்டும்

"கால் விரல்கள் மரத்துப்போகின்றன, நின்றே வேலை செய்வதால் இருக்கும்" என்றும், "மாதவிலக்கு ஏழெட்டு நாள் போகிறது, எங்கள் அம்மாவுக்கும் அப்படித்தான்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் நீங்களே விளக்கி முடித்துவிட்டீர்கள். எனக்கு அந்த விளக்கங்கள் போதவில்லை.

பி12 வைட்டமின் மாமிசம், மீன், முட்டை, பால் இவற்றில்தான் இயற்கையாகக் கிடைக்கும். கல்லீரலில் சேமிப்பு சில ஆண்டுகளுக்கு வரும்; பிறகு தீரும். ஆறு ஆண்டுச் சைவம் என்பது அது தீர்ந்திருக்கக்கூடிய காலம்தான். "பால் குடிக்கிறேனே, தினமும் மூன்று தே தாரிக்" என்பீர்கள். நம் கடைகளில் ஊற்றும் டின் பால் பலவும் பாமாயில் சேர்த்த இனிப்புக் கிரீமர். அதைப் பாலென்று கணக்கில் வைக்காதீர்கள். பி12 குறைந்தால் களைப்பு, மறதி, மனம் தளர்தல், கை கால் மரத்தல் எல்லாம் வரலாம். நரம்புப் பாதிப்பு நாள்பட்டால் முழுதாகத் திரும்பாமலும் போகலாம், அதனால்தான் அவசரப்படுகிறேன். சைவத்தை விடச் சொல்லவில்லை. அது உங்கள் நம்பிக்கை. குறைவு இருந்தால் ஊசியோ மாத்திரையோ போட்டுச் சரிசெய்துகொண்டு சைவமாகவே இருக்கலாம்.

இரும்புச்சத்து அடுத்தது. மாதவிலக்கில் இழப்பு அதிகம், சாப்பாட்டில் வருவது கீரை பருப்பிலிருந்து மட்டும், அதுவும் தேநீரோடு சேர்த்து. தேநீர் இரும்பை உடம்பில் சரியாக ஏறவிடாது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தேநீரை நிறுத்தி, எலுமிச்சையோ கொய்யாவோ சேர்த்தாலே நிலைமை கொஞ்சம் மாறும். இரத்தச்சோகை வரும் முன்பே, இரும்புச் சேமிப்பு குறைந்த நிலையிலேயே, களைப்பும் கவனக்குறைவும் வரலாம். அதனால் ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டு "நார்மல்" என்றால், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்க முடியுமா என்று மரியாதையாகக் கேளுங்கள்.

மூன்றாவது, சர்க்கரை. அம்மாவுக்கு நீரிழிவு என்கிறீர்கள். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டுப் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு. நம் இந்தியர்களிடம்தான் விகிதம் மிக அதிகம். கால் மரத்துப்போவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி எடுப்பார்கள். இரும்புக் குறைவு இருந்தால் அந்த எண் கொஞ்சம் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதால், வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. நான்காவது தைராய்டு. களைப்பு, எடை கூடுதல், மனச்சோர்வு மூன்றும் சேர்ந்து வந்தால் அதைப் பார்க்காமல் விடக் கூடாது.

இவை எல்லாம் சரியாக இருந்தால்? அப்படியும் நடக்கலாம். இரண்டு வாரத்துக்குமேல் மனம் தளர்ந்தே இருப்பது, எதிலும் பிடிப்பில்லாமல் போவது, அதோடு தூக்கமும் கவனமும் கெடுவது, சாவைப் பற்றிய எண்ணம் என்றால், அது மனச்சோர்வு நோய்தானா என்று டாக்டர் மதிப்பிட வேண்டும். 2023 தேசிய ஆய்வில் 16 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருப்பது தெரிந்தது. சுமார் பத்து லட்சம் பேர். உங்கள் லைனில் நிற்பவர்களிலேயே உங்களைப் போல இன்னொருவர் இருக்கலாம்.

"சாப்பாட்டை ஒழுங்குபண்ணு" என்பதில் எவ்வளவு உண்மை?

கணவர் சொல்வது முழுப் பொய் இல்லை. ஆஸ்திரேலியாவில் 2017-இல் வெளியான ஓர் ஆய்வு. நடுத்தரம் முதல் கடுமையான மனச்சோர்வு வரை இருந்த 67 பேர். பாதிப் பேருக்கு 12 வாரத்தில் ஏழு முறை உணவு ஆலோசகரின் உதவி: காய்கறி, பழம், தவிடு நீக்காத தானியம், பருப்பு வகை, மீன், கொட்டைகள், ஆலிவ் எண்ணெய். மீதிப் பேருக்கு அதே எண்ணிக்கையில் நட்பாக உட்கார்ந்து பேச ஓர் ஆள். முடிவில் உணவுப் பிரிவில் 32 விழுக்காட்டினர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள், மற்றதில் 8 விழுக்காட்டினர். சின்ன ஆய்வு, யார் எந்தப் பிரிவு என்பது கலந்துகொண்டவர்களுக்கே தெரியும், அதனால் எண்களை அப்படியே தூக்கிப் பிடிக்கக் கூடாது. ஆனாலும் திசை தெரிகிறது.

கணவரிடம் சொல்ல வேண்டிய விவரம் இது: அந்த ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே மருந்தோ மன ஆலோசனையோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். உணவு அதோடு சேர்ந்தது, அதற்குப் பதிலாக வரவில்லை. நல்ல சாப்பாடு கொடுத்த பிரிவிலேயே மூன்றில் இரண்டு பேர் முழுதாக மீளவில்லை. அவர்கள் எல்லாம் கீரை சாப்பிடச் சோம்பல்பட்டவர்களா?

280 ரிங்கிட் பவுடர் பற்றி: வாங்க வேண்டாம். "செரோட்டோனின் 90 விழுக்காடு குடலில்தான் உண்டாகிறது, குடலைச் சரிசெய்தால் மனம் சரியாகும்" என்று தோழி அனுப்பிய படத்தில் முதல் பாதி சரி. ஆனால் குடலில் உண்டாகும் செரோட்டோனின் மூளைக்குள் நுழையாது; மூளை தன்னுடையதைத் தானே செய்துகொள்கிறது. விற்பவர்கள் இந்த இரண்டாம் பாதியைச் சொல்வதில்லை. ஐரோப்பாவின் நான்கு நாடுகளில் உடல் எடை கூடிய ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு ஓராண்டு சத்து மாத்திரைகள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019-இல் வந்தது. மனச்சோர்வு வருவதை அந்த மாத்திரைகள் தடுக்கவில்லை. குறைவு இருப்பவருக்கு அந்தக் குறைந்த சத்து மருந்து. மற்றவருக்கு விலை கூடிய சிறுநீர். எதை வாங்கினாலும் பெட்டியில் 'மால்' என்று ஆரம்பிக்கும் பதிவு எண்ணும் ஹாலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கிறதா, அந்த எண் அமைச்சின் இணையப் பதிவேட்டில் அதே பெயருக்குத்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். காபிப் பொட்டலங்கள் பல இந்தப் பதிவே இல்லாமல் 'உணவு' என்ற பெயரில் வருகின்றன.

கம்பெனிக்குத் தெரியுமா? வேலையை விடலாமா?

டாக்டர் உங்கள் அனுமதியில்லாமல் நோய் விவரத்தை முதலாளியிடம் சொல்லக் கூடாது. உடல் நலம், மனநலம் பற்றிய தகவல்கள் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படியும் சிறப்புப் பாதுகாப்பு உள்ளவை. நடைமுறையில் கசிவு வருவது கம்பெனி ஏற்பாடு செய்த பேனல் கிளினிக் வழியாகத்தான், பில் கம்பெனிக்குப் போகிறதே. அதனால் இதற்கு உங்கள் வட்டார அரசாங்க கிளினிக்குக்கே போங்கள். ஒரு ரிங்கிட்டில் பார்த்துக்கொள்ளலாம். தேவைப்பட்டால் அவர்களே மருத்துவமனை மனநலப் பிரிவுக்கோ மெந்தாரி என்ற சமூக மனநல மையத்துக்கோ அனுப்புவார்கள். எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) வாங்கும்போது அதில் நோயின் பெயர் எழுத வேண்டியதில்லை என்று சொல்லலாம். ஐந்தாண்டுக்குமேல் வேலை செய்பவர் என்பதால் ஆண்டுக்கு 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உங்கள் உரிமை. அதை எடுப்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

ஆள் குறைவான இரவுகளில் 7 மணிக்கு நின்றால் 1.30 வரை பிரேக்கே கிடைப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வேலைவாய்ப்புச் சட்டம் 1955-இன்படி தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்குமேல், குறைந்தது 30 நிமிட ஓய்வு இல்லாமல், வேலை வாங்கக் கூடாது. நிறுத்தவே முடியாத வேலை என்றால் எட்டு மணி நேரம் வரை போகலாம், ஆனால் அதற்குள் சாப்பிட 45 நிமிடம் கொடுத்தாக வேண்டும். பிரேக் கிடைக்காத தேதிகளை ஒரு சின்ன நோட்டில் குறித்து வையுங்கள். சண்டை போடவல்ல, எச்சரிக்கைக் கடிதத்துக்குப் பதில் எழுதும்போது உதவும். பதில் எழுதாமல் விட்டிருந்தால், தவற்றை ஒப்புக்கொண்டு, ஓய்வு கிடைக்காத இரவுகளையும் சிகிச்சைக்குப் போவதையும் சுருக்கமாகச் சொல்லி இப்போதாவது எழுதுங்கள். நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.

வேலையை இப்போது விட வேண்டாம் என்பதே என் கருத்து. மனம் தளர்ந்திருக்கும்போது எடுக்கும் பெரிய முடிவுகளுக்குப் பிறகு வருந்தியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கணக்கும் இருக்கிறது: நீங்களாக ராஜினாமா செய்தால் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலைக் காப்புறுதிப் பணம் கிடைக்காது. அதற்குப் பதிலாக, பகல் ஷிப்டுக்கு மாற்றச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். 2023 முதல் சட்டத்தில் இதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. வேலை நேரத்தை மாற்றக் கேட்டு விண்ணப்பித்தால் முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். மறுக்க அவருக்கு உரிமை உண்டு, அதையும் தெரிந்தே கேளுங்கள். அலவன்ஸ் போகும். மாதம் எவ்வளவு குறையும் என்று கணவரோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்; ஒல்லியாக்கும் காபிக்கு மாதம் எவ்வளவு என்பதையும் அந்தக் கணக்கில் சேருங்கள். வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்றால், அது நியாயமில்லாதது என்று முறையிட 60 நாள்தான் அவகாசம். நாளைத் தள்ளிப் போடாமல் தொழில் உறவுத் துறைக்குப் போக வேண்டும்.

அடுத்த நான்கு நாள் ஓய்வு வரும்போது, முதல் நாள் தூங்குங்கள், இரண்டாம் நாள் காலை கிளினிக். வெறும் வயிற்றோடு போனால் இரத்தப் பரிசோதனைக்கு வசதி. உள்ளே போனதும் முதலில் அந்த ஒரு வரியைச் சொல்லுங்கள், பிறகு கால் மரத்துப்போவது, மாதவிலக்கு, படபடப்பு, அப்புறம் சாப்பாடு. காபிப் பொட்டலத்தைக் கையோடு எடுத்துப்போங்கள், காலியாக இருந்தாலும் பரவாயில்லை. முடிவுகள் கைக்கு வந்தபின் எனக்கு எழுதினால், எண்களைப் பார்த்து மேற்கொண்டு சொல்கிறேன்.